கட்டிலுக்கு முதல் கிணறு: யாழ்ப்பாணத்து வீட்டை விடுமுறை விடுதியாக்குவோருக்கு

கொழும்பு ரயில் 2014 ஒக்டோபரில் திரும்பவும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. வந்து போகும் வழிகள் இப்படி ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க இங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகளை நாட்கணக்கில் வாடகைக்கு விடலாமே என்ற யோசனை ஒழுங்கைக்கு ஒழுங்கை எழுந்திருக்கிறது.

நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலானோர் காசைச் செலவழிக்கும் ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. முதலில் ஏசி வாங்குகிறார்கள், பிறகு சோபா, பிறகு படம் எடுக்க ஒருவரைப் பிடித்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். முதல் ஓகஸ்டிலேயே, நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில், மலக்குழி நிரம்பி வழிகிறது, கிணறு உவர்க்கிறது, திறப்பு வைத்திருக்கும் மாமி கோயிலுக்குப் போய்விடுகிறா. விருந்தினர் எழுதும் முதல் விமர்சனத்திலேயே வீட்டின் பெயர் கெட்டுவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழில் காணி உறுதி, கிணறு, மலக்குழி, பார்த்துக்கொள்ளும் ஆள் என்ற வரிசையில் தொடங்க வேண்டும். ஏசியும் படமும் அதற்குப் பிறகுதான்.

உறுதியும் அனுமதியும்

வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். சீதன உறுதியில் மகளின் பெயரிலோ, பெற்றோர் இறந்தபின் பிரிக்கப்படாமல் நான்கு சகோதரருக்கும் பொதுவாகவோ இருக்கும் வீடுகள்தான் இங்கே அதிகம். பங்குக்காரர் ஒருவர் வீட்டைத் திருத்தி விருந்தினரை ஏற்றி மூன்று வருடம் உழைத்த பிறகு, இன்னொருவர் ரொறன்ரோவிலிருந்து வந்து கணக்குக் கேட்டால் அதை ஒழுங்கையில் நின்று தீர்க்க முடியாது. வருமானம் எப்படிப் பிரியும், திருத்தச் செலவை யார் பொறுப்பார், குடும்பத்தவர் வந்து தங்கும் நாட்கள் எவை என்று எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் இங்கிருப்பவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம், வேண்டும். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அதை உறுதிப்படுத்தி, இங்கே பதிவு செய்த பிறகுதான் சபைகளிலும் வங்கியிலும் அது செல்லும்.

அடுத்தது பதிவு. வணிகப் பெயரைப் பிரதேச செயலகம் ஊடாகப் பதிவு செய்ய வேண்டும். மாநகர சபை அல்லது பிரதேச சபையின் வியாபார உரிமமும் தேவை. இவற்றின் மேல் வருவது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை இது. நீங்கள் வசிக்கும் வீட்டிலேயே சில அறைகளை விடுவது ஹோம்ஸ்டே வகைக்குள் வரும். யாரும் குடியிராத முழு வீட்டை விடுவது வேறு வகை. விண்ணப்பத்தில் இதைக் குழப்பினால் பரிசோதனைக்கு வருவோர் திருப்பி அனுப்பிவிடுவர்.

எல்லோரும் தடக்கி நிற்பது கட்டட வரைபடத்தில்தான். கட்டடம் அனுமதித்த வரைபடத்தின்படி கட்டப்பட்டது என்பதற்கு, சி.ஓ.சி. என்று சபைகளில் சொல்லப்படும் இணக்கச் சான்றிதழ் ஐம்பது வருடத்துக்கு முந்திய நாற்சார் வீட்டுக்கு இருக்காது. யுத்தத்துக்குப் பிறகு பின்பக்கம் இரண்டு அறை கூட்டிக் கட்டிய வீட்டில், கூட்டிய பகுதிக்கு அனுமதியே எடுத்திருக்கமாட்டார்கள். படவரைஞர் ஒருவரைப் பிடித்து, வீடு இப்போது எப்படி நிற்கிறதோ அப்படியே வரைந்து சபையில் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும். மாதக்கணக்கில் இழுபடும் வேலை இது. ஆகவே மேசன் வேலைக்கு ஆள் பிடிக்கும் முன்பே இதைத் தொடங்குங்கள். திருத்தி முடித்த பிறகு, மதிலிலிருந்து போதிய இடைவெளி இல்லை என்று சபை சொன்னால் இடிப்பதைத் தவிர வழியில்லை.

கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நம் கிணறுகளில் இருப்பது இந்த மெல்லிய நன்னீர்ப் படைதான். ஒரேயடியாக இறைத்தால் அடியில் உள்ள உவர்நீர் மேலேறும். நான்கு பேர் வாழ்ந்த வீட்டில் பத்துப் பேர் தங்கும்போது நடப்பது இதுவே. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லீற்றர் என்று வைத்தாலும் பத்துப் பேருக்கு 1,500 லீற்றர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவோர் வெக்கை தாங்காமல் இரண்டு மூன்று தரம் குளிப்பர். இவ்வளவுக்கும் 500 லீற்றர்த் தாங்கியை வைத்துக்கொண்டு மோட்டரை ஓடவிட்டபடியே இருந்தால் கிணறு தாங்காது.

1,000 லீற்றர்த் தாங்கிகள் இரண்டு வையுங்கள். தாங்கியில் மிதவை ஆளியையும், கிணற்றில் நீர் இறங்கினால் மோட்டரை நிறுத்தும் ஆளியையும் பொருத்துங்கள். விடிய ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் குறுகிய நேரம் இறையுங்கள். ஒரே மூச்சில் மூன்று மணித்தியாலம் இறைப்பதைவிடக் கிணற்றுக்கு இது நல்லது.

தண்ணீரைச் சோதிக்காமல் ஒரு விருந்தினரையும் ஏற்றாதீர்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் பரிசோதனை செய்யலாம். பார்க்க வேண்டியவை மலக்கிருமி, நைத்திரேற்று, உவர்த்தன்மை, கடினத்தன்மை. தோட்டப் பசளையாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பது பல வருடங்களாகத் தெரிந்த விடயம். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது. கொதித்தால் கிருமி சாகும், ஆனால் நீர் ஆவியாகிப் போக நைத்திரேற்றின் செறிவு கூடும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை அது கெடுக்கும். பேரப்பிள்ளையைக் காட்டக் கொண்டுவரும் குடும்பங்கள்தான் உங்கள் முக்கிய வாடிக்கையாளர். பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீரை வீட்டுச் செலவிலேயே வையுங்கள், குசினிக் குழாயின் மேல் இது குடிநீரா இல்லையா என்று தெளிவாக எழுதி ஒட்டுங்கள்.

குளோரின் போடுவதற்கும் கணக்கு உண்டு. 10 அடி குறுக்களவுள்ள கிணற்றில் 6 அடி தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 13,300 லீற்றர். நல்ல வெளிற்றும் தூள் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. ஆக 33 கிராம் போதும். வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். குறைந்தது ஒரு மணித்தியாலத்துக்கு அந்தத் தண்ணீரைப் பாவிக்கக்கூடாது. திறந்து வைத்த தூள் நமது வெக்கையில் சத்திழந்துவிடும், பழைய பைக்கற்றை நம்பவேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் அளவைச் சரிபார்த்துத் தருவார்.

கிணற்றுக்கட்டு மூன்று அடிக்குக் குறைவாக இருந்தால் உயர்த்துங்கள். மேலே இரும்பு வலை மூடி போட்டுப் பூட்டுங்கள். கிணற்றையே கண்டிராத பிள்ளைகள் வருவார்கள். இந்தக் கட்டுரையில் எதையாவது நாளைக்கென்று தள்ளிவைக்கலாம் என்றால், அது இதுவாக இருக்கக்கூடாது.

நம் தண்ணீரின் கடினத்தன்மை இன்னொரு தொல்லை. வெந்நீர்க் கருவிக்குள் சுண்ணாம்பு படிந்து சூடேறும் கம்பி எரிந்துபோகும், குளிக்கும் ஷவரின் துவாரங்கள் அடைபடும். மாதம் ஒருமுறை ஷவர்த் தலையைக் கழற்றி வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டால் போதும். கேத்திலுக்கும் அதே வைத்தியம்.

குழி

கிணற்றைவிட அதிகமாக வாடகை வீடுகளைக் கவிழ்ப்பது மலக்குழி. பழைய வீடுகளில் அடி பூசாத குழிதான் இருக்கும், கழிவுநீர் நேரே மண்ணுக்குள் இறங்கும். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் மணல் வடிப்பதுபோல அது கிருமியை வடித்துத் தராது. குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். நல்லூர், கொக்குவில், வண்ணார்பண்ணைப் பக்கம் ஒன்றரைப் பரப்புக் காணியில் அந்த இடைவெளி கிடைக்காது, கிடைத்தாலும் அயல்வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு இருபது அடியில் இருக்கும். அப்படியென்றால் அடியும் சுவரும் பூசிய இரண்டு அறைத் தாங்கி கட்டி, குறித்த தவணையில் பவுசர் வைத்து உறிஞ்சி எடுப்பதே வழி.

எப்போது உறிஞ்ச வேண்டும் என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஒக்டோபரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் நிலத்தடி நீர் ஏறும், குழியிலிருந்து நீர் வெளியே இறங்க இடமிருக்காது. கார்த்திகையில் குழி நிரம்பியது என்று பவுசருக்குப் போன் அடித்தால், ஊர் முழுக்க அதே நேரம் அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஜூலை தொடக்கத்தில் ஒரு தரமும், செப்டெம்பர் கடைசியில் ஒரு தரமும். மழைக்கு முதல் காலியான குழி டிசெம்பர் விருந்தினரைத் தாங்கும்.

ஈரத் துடைப்பான், நப்கின், பிள்ளைகளின் பம்பர்ஸ் ஆகியவற்றைக் கொமட்டுக்குள் போடுவதால்தான் அடைப்பு வருகிறது. ஒவ்வொரு பாத்றூமிலும் மூடியுள்ள வாளி வையுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். வாளியைத் தினமும் எடுப்பார்கள் என்றும் அதில் சேர்த்து எழுதினால்தான் போடுவார்கள், நாறும் என்ற பயத்தில்தான் பலர் கொமட்டுக்குள் போடுகிறார்கள்.

கறண்ட்

12,000 பீரியூ இன்வேர்ட்டர் ஏசி ஒன்று நம் வெக்கையில் இரவு முழுதும் ஓடினால் ஏறக்குறைய 5 அலகு எடுக்கும், பழைய வகை 7, 8 அலகுக்கும் போகும். இரண்டு அறை, இருபது இரவு என்றால் ஏசிக்கு மட்டும் 200 அலகு. வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் மாதம் 180 அலகுக்கு மேல் வருவதுதான் விலை கூடிய படி. சுற்றுலா அதிகார சபையில் பதிந்தவர்கள் ஹோட்டல் வகைக் கட்டணத்துக்கு மின்சார அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். உங்கள் பாவனைக்கு எது மலிவு என்று இரண்டு மாதப் பில்லை வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டு மாறுங்கள். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் போன வருடத்துக் கணக்கு உதவாது.

ஏசி பூட்டுமுன் வயரிங்கைப் பாருங்கள். நாற்பது வருட வீட்டில் எர்த் கம்பி அறுந்திருக்கும், ட்ரிப் சுவிட்ச் இருக்காது. வெந்நீர்க் கருவியும் ஏசியும் தனித்தனிக் கம்பியில் போக வேண்டும். வாழ்நாளில் 120 வோல்ற் மட்டும் கண்ட கனடாப் பிள்ளை முடி உலர்த்தியைக் கொண்டுவந்து செருகும், நமக்கு 230. பல நாட்டு முளைகளை ஏற்கும் அடப்டர் அறைக்கு ஒன்றும், இந்த விடயத்தைச் சொல்லும் ஒரு வரியும் வையுங்கள்.

அறைக்குள்

இங்கே வருவோர் யார் என்பதை வைத்து அறையை ஆயத்தப்படுத்துங்கள். சுற்றுலாப் புத்தகத்து விருந்தினர் ஒரு பங்குதான். பெரும்பங்கு திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் அந்தியேட்டிக்கும் வரும் குடும்பங்கள். சீலை கட்ட ஆளுயரக் கண்ணாடி, அயன்பெட்டியும் மேசையும், ஈர வேட்டி உலர்த்தக் கொடி, வாசலில் கால் கழுவ ஒரு குழாய் என்பவற்றுக்கு அவர்கள் சொல்லும் நன்றி பெரிய தொலைக்காட்சிக்குக் கிடைக்காது. எழுபது வயதுத் தாய் தகப்பனோடு வருவதால் ஒரு பாத்றூமிலாவது பிடிகம்பியும், வழுக்காத தளமும், இருந்து குளிக்க ஒரு ஸ்ரூலும் வேண்டும்.

கட்டிலுக்கு மூன்று சோடி விரிப்பு என்பது பொதுக் கணக்கு: ஒன்று கட்டிலில், ஒன்று தோய்ப்பில், ஒன்று அலுமாரியில். மாரியில் துணி காய இரண்டு நாள் எடுக்கும், அப்போது நான்காவது தேவைப்படும். வெள்ளைத் துவாயும் வெள்ளைத் தலகணியும் படத்துக்கு வடிவு. ஆனால் நல்லூரால் வருவோரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருக்கும், தலையில் எண்ணெய் இருக்கும். மஞ்சள் கறையைத் தோய்த்து நேரே வெயிலில் போட்டால் பெரும்பாலும் வெளிறும். குங்குமம் விடாது. முகம் துடைக்கக் கடும் நிறத்தில் சின்னத் துவாய் ஒன்று தனியாக வைத்தால் வெள்ளைத் துவாய் தப்பும். கடின நீரில் சவர்க்காரத் தூள் கூடப் போட்டால் துவாய் பலகைபோல விறைக்கும். தூளைக் குறைத்து, கடைசி அலசலில் கொஞ்சம் வினாகிரி விடுங்கள்.

நுளம்பு வலை எல்லாக் கட்டிலுக்கும் கட்டாயம். டெங்கு இங்கே மழையோடு கூடி ஜனவரி வரை இருக்கும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும்வரை ஒரு கிழமை அளவுதான் எடுக்கும் என்பதால், ஆளில்லாத வீட்டிலும் கிழமைக்கு ஒருநாள் பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பாவிக்காத கொமட், பீலி எல்லாவற்றையும் பார்த்துக் கொட்ட வேண்டும். பூட்டிக்கிடக்கும் வீடு விடுதியாகும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

ஆள்

கொழும்பிலிருந்து இரவு வெளிக்கிடும் பஸ்கள் விடியப்புறம் ஐந்து, ஆறு மணிக்கு யாழ்ப்பாணம் வந்து சேரும். நீங்கள் அறை தரும் நேரம் பின்னேரம் இரண்டு மணி என்று எழுதியிருப்பீர்கள். இரவு முழுக்க இருந்தபடி வந்த குடும்பம் பிள்ளைகளோடு கேற்றடியில் நிற்கும். அந்த நேரம் எழுந்து திறந்து, பயணப்பைகளை வாங்கி வைத்து, வெளிப் பாத்றூமில் குளிக்கவிட்டு, ஒரு தேத்தண்ணி கொடுக்கும் ஆள் இருந்தால் வீட்டின் குறைகளில் பாதி மன்னிக்கப்படும். அப்படி ஆளில்லாவிட்டால் எண்பூட்டும் கமெராவும் அதை ஈடுசெய்யாது.

நெடுந்தீவு, நயினாதீவு போவோர் குறிகட்டுவான் இறங்குதுறைப் படகுக்கு விடிய வெளிக்கிடுவர். அவர்களுக்குக் காலைச் சாப்பாடு ஆறு மணிக்கு முன் பொதியாக வேண்டும். சென்னை விமானத்தில் வருவோரை 16 கிலோமீற்றர் தள்ளிப் பலாலியிலிருந்து ஏற்ற நம்பிக்கையான ஓட்டோ அல்லது வான் எண் வேண்டும். மோட்டர் நின்றால் மெக்கானிக், கறண்டுக்கு ஒருவர், குழாய்க்கு ஒருவர், இரவில் கூப்பிட்டால் வரும் வைத்தியர் ஆகிய எண்கள் சுவரில் இருக்க வேண்டும். இவை அனைத்தையும் ரொறன்ரோவிலிருந்து வாட்சப்பில் நடத்த முடியும் என்று நினைப்போர் நேர வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். இங்கே விடியற்காலை ஐந்து மணி, அங்கே முந்திய நாள் இரவு.

சொந்தக்காரரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு ‘பாத்துக்கொள்ளுங்கோ மாமி’ என்று சொல்வதுதான் வழமை. மாமி பாசத்தில் செய்வா, ஆனால் காசு பேசாத வேலைக்குக் கேள்வி கேட்க முடியாது. மாதம் ஒரு நிலையான தொகை, ஒவ்வொரு குழு போன பிறகும் துப்புரவுக்குத் தனித்தொகை என்று பேசி எழுதுங்கள். மூன்று அறை வீட்டை இரண்டு பேர் முழுதாகத் துப்புரவாக்க மூன்று, நான்கு மணித்தியாலம் எடுக்கும். பதினொரு மணிக்குப் போனவர்களின் அறையை இரண்டு மணிக்குக் கொடுப்பது இறுக்கமான கணக்கு, திருவிழாக் காலத்தில் மூன்றாவது ஆள் தேவை. ஒருவரை நிரந்தர ஊழியராக வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அவர் சம்பளத்திலிருந்து 8 வீதம் சேமலாப நிதிக்குப் போகும். இதைக் கட்டுவது அவருடைய முதுமைக்கான உரிமை, சலுகையாக நினைக்கக்கூடாது.

ஆறு பேர் என்று பதிந்து பதினைந்து பேர் வந்திறங்குவதுதான் இங்கே வாடிக்கையாக நடக்கும் சிக்கல். தெற்கிலிருந்து யாத்திரை வரும் குழுவிலும் நடக்கும், வெளிநாட்டுக் குடும்பத்தைப் பார்க்க வரும் உறவினராலும் நடக்கும். பகலில் யாரும் வந்து இருக்கலாம், இரவு தங்குவோர் இத்தனை பேர்தான், கூடினால் ஆளுக்கு இவ்வளவு என்று பதியும்போதே எழுதிவையுங்கள். வரும் அன்று முகம் சுளிக்காமல் எண்ணுங்கள். தங்குவோரின் அடையாள அட்டை, கடவுச்சீட்டு விபரங்களைப் பதிவேட்டில் எழுதி வைப்பதும் அந்த நேரம்தான். மரக்கறிச் சமையல் மட்டும் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். கோயிலுக்கு அருகில் உள்ள வீட்டில் இதை யாரும் பிழையாக எடுக்கமாட்டார்கள், வந்த பிறகு மீனைத் திருப்பி அனுப்பச் சொன்னால்தான் எடுப்பார்கள். சாராயம் விற்க உரிமம் வேண்டும் என்பதால் அந்தப் பேச்சே வேண்டாம்.

நாட்கணக்கு

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி, ஆவணி அமாவாசையில் தீர்த்தம். ஆகவே ஆங்கிலத் திகதி வருடத்துக்கு வருடம் நகரும்: 2023 இல் ஓகஸ்ட் 21, 2024 இல் ஓகஸ்ட் 9, 2025 இல் ஜூலை 29 கொடியேற்றம். போன வருட விலைப்பட்டியலைத் திகதியோடு அப்படியே கொப்பி பண்ணியவர்கள் தேர்த் திருவிழாவைச் சாதாரண விலைக்கு விற்றுவிட்டுத் தவிக்கிறார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து அடுத்த வருட நாட்களை இப்போதே குறியுங்கள். கோயிலைச் சுற்றிய வீதிகள் அந்த நாட்களில் வாகனங்களுக்கு மூடப்படும். உள்ளே இருக்கும் வீடென்றால் வாகன அனுமதி பற்றி மாநகர சபையில் முன்பே கேளுங்கள், விருந்தினருக்கும் நடக்க வேண்டிய தூரத்தைச் சொல்லிவையுங்கள்.

இப்போது காசு. உதாரணத்துக்கு மூன்று அறை முழு வீடு. திருவிழாவும் பள்ளி விடுமுறையும் சேர்ந்த 30 இரவும், மார்கழி - தை 15 இரவும் 25,000 ரூபாப்படி 1,125,000. வருடத்தின் மீதியில் 60 இரவு 14,000 ரூபாப்படி 840,000. மொத்தம் 1,965,000. பத்தில் ஏழு பங்கு இணையத் தளங்களால் வந்து 15 வீதம் தரகு போனால் ஏறக்குறைய 206,000. பராமரிப்பாளருக்கு மாதம் 25,000 படி 300,000. மூன்று இரவுக்கொரு குழு என்றால் 35 துப்புரவு, 4,000 படி 140,000. கறண்ட், எரிவாயு, இணையம் 240,000. துணி, பெயின்ற், மோட்டர், பவுசர், உடைந்தது தேய்ந்தது 250,000. கையில் மிஞ்சுவது 829,000, மாதத்துக்கு 69,000 அளவில். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. திருவிழாக் கால 30 இரவை மட்டும் எடுத்துவிட்டால், அதற்கான தரகும் துப்புரவும் கழிந்தபின், மிச்சம் 2 இலட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். முழு வருட இலாபத்தின் முக்கால் பங்கு அந்த ஒரு மாதத்தில் தங்கியிருக்கிறது. அதே மாதத்தில்தான் வீடு நிறைந்து, கிணறு இறங்கி, குழி நிரம்புகிறது. ஏசிக்கு முதல் குழி என்று நாம் வற்புறுத்துவதற்கு இந்த எண்தான் காரணம். மற்ற மாதங்களுக்கு வேறு ஆட்களைத் தேடுங்கள்: பல்கலைக்கழகத்துக்கு வரும் ஆய்வாளர், வைத்தியசாலைக்குத் தூரத்திலிருந்து வரும் குடும்பம், காணி அலுவலாக மூன்று கிழமை நிற்கும் வெளிநாட்டுக்காரர். ஒரு மாதத்தைத் தாண்டும் தங்கலை மட்டும் விருந்தினர் கணக்கில் விடாதீர்கள், அதற்கு நொத்தாரிசு எழுதிய உடன்படிக்கை வேண்டும்.

வருமான வரியில் தனிநபர் விலக்கு 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. உங்கள் சம்பளமும் மற்ற வருமானமும் இதோடு கூட்டப்படும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து அங்கேயே வாழும் உரிமையாளரின் நிலை வேறு, கணக்காளர் ஒருவரிடம் போவது நல்லது. பற்றுச்சீட்டுகளை மாதவாரியாக உறையில் போட்டு வையுங்கள்.

இணையத்தில் ஏற்றுவது

இவ்வளவும் ஆன பிறகு படம் எடுக்கலாம். காலை எட்டு மணி வெளிச்சத்தில், எல்லா யன்னலையும் திறந்து, விறாந்தையையும் முற்றத்தையும் முதலில் எடுங்கள். பாத்றூமையும் கிணற்றடியையும் கட்டாயம் போடுங்கள், வருவோர் தேடிப் பார்ப்பது அவற்றைத்தான். புக்கிங் டொட் கொம் பொதுவாக 15 வீதம் அளவில் தரகு எடுக்கும். எயார்பிஎன்பியில் விருந்தினரிடம் பெரும்பங்கை வாங்கி உங்களிடம் 3 வீதம் எடுக்கும் முறையும், முழுவதையும் உங்களிடமே எடுக்கும் முறையும் உண்டு. உங்கள் கணக்கு எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு விலை போடுங்கள். இரண்டு தளத்திலும் இருந்தால் நாட்காட்டிகளை இணைக்கலாம், ஆனால் ஒன்றில் பதிந்தது மற்றதில் தெரியச் சில மணித்தியாலம் ஆகலாம். திருவிழா நாட்களை ஒரே தளத்தில் மட்டும் திறந்துவிடுங்கள், இல்லையேல் ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும்.

வரைபடப் புள்ளியைப் பிரதான வீதியில் விட்டுவிடாமல் கேற்றின் மேலேயே வையுங்கள். நம் ஒழுங்கைகள் பலவற்றில் வான் திரும்ப இடமில்லை, சிலவற்றில் நுழையவே முடியாது. எந்தக் கோயிலடியில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே வாகனத்தை நிறுத்துவது, கேற்றின் நிறம் என்ன என்று நான்கு வரியில் எழுதி, கேற்றின் படத்தையும் சேர்த்து, பதிவு உறுதியான அன்றே அனுப்பிவிடுங்கள். விடியப்புறம் ஐந்து மணிக்கு ஓட்டோக்காரரிடம் காட்ட அந்தப் படம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.